ஹிப்னாடிசச் சிகிச்சை: அம்மாவின் வயிற்று நோய்க்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள், நம்பிப் போகலாமா?

கேள்வி (தக்கலை வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு அறுபது வயது நெருங்குகிறது. பல ஆண்டுகளாக ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயால் அவதிப்படுகிறார். நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போக வேண்டும் என்றால் முந்தைய நாள் மாலையிலேயே சாப்பாட்டை நிறுத்திவிடுவார். நெருங்கிய சொந்தத்துக் கல்யாணங்களுக்கும் ஏதேனும் காரணம் சொல்லிப் போகாமல் இருந்துவிடுகிறார். கொலனோஸ்கோப்பியும் ரத்தப் பரிசோதனைகளும் செய்தாயிற்று. வேறு நோய் எதுவும் இல்லை. மாத்திரைகள் சில வாரங்களுக்குக் கேட்கின்றன, பிறகு பழைய நிலைதான்.

இப்போது குடல்நோய் மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் ஹிப்னாடிசச் சிகிச்சை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். வீட்டில் இதற்கு ஒப்புதல் இல்லை. "அது வசியம், அடுத்தவன் கையில் மனத்தைக் கொடுக்கிற காரியம்" என்று பெரியப்பா சொல்கிறார். மயக்கத்தில் குடும்ப விஷயம் எதையாவது உளறிவிடுவோமோ என்பது அம்மாவின் பயம். முற்பிறவியைக் காட்டுவதாகவும் குடியை மூன்றே நாளில் மறக்கடிப்பதாகவும் மார்த்தாண்டத்தில் ஒரு பேனர் பார்த்தேன். அதிலும் இதே பெயர்தான் இருந்தது. இரண்டும் ஒன்றுதானா? இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது, இதற்கு மருத்துவ ஆதாரம் உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மருத்துவ உளவியலாளர், நாகர்கோவில்)

வணக்கம். உங்கள் பெரியப்பாவின் அச்சத்துக்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது; ஆகவே அவரைக் குறை சொல்ல மாட்டேன். 18ஆம் நூற்றாண்டில் வியன்னாவிலும் பாரிசிலும், ஹிப்னாடிசத்துக்கு முன்னோடியான ஒரு முறையால் பெயர் பெற்ற மருத்துவர் ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர், தம் உடலிலிருந்து ஒருவகைக் காந்த சக்தி நோயாளிக்குள் பாய்வதாகவே நம்பினார். 1784இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி அமைத்த விசாரணைக் குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியரும் இருந்தனர். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரேயொரு மரத்துக்குக் 'காந்தம் ஏற்றி' வைத்து, ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாக அழைத்துச் சென்றார்கள். காந்தம் ஏற்றாத வேறொரு மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். அப்படி ஒரு சக்தி கிடையாது, விளைவை உண்டாக்கியது கற்பனையே என்று குழு முடிவு கூறியது. மெஸ்மரின் கொள்கை அத்துடன் சாய்ந்தது. ஆனால் வெறும் எதிர்பார்ப்பு ஓர் உடலைக் கீழே விழச் செய்ய முடிகிறதே, அது எப்படி என்ற கேள்வியை அந்தக் குழு மேலும் தொடரவில்லை.

அதைத் தொடர்ந்தவர் நம் மேற்குக் கரையைச் சேர்ந்தவர் என்பதை எல்லாரும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். கோவாவின் காண்டோலிம் கிராமத்தில் 1756இல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா, பாரிசில் பலர் முன்னிலையில் ஆட்களைத் தூக்கம் போன்ற ஆழ்ந்த நிலைக்குக் கொண்டுசென்று காட்டினார். எந்தச் சக்தியும் தம்மிடமிருந்து வெளிப்படுவதில்லை, நடப்பதெல்லாம் அந்த ஆளின் மனத்துக்குள்ளேயே நடக்கிறது என்று அவர் கூறினார். அவருடைய சிலை இன்றும் பணஜியில் நிற்கிறது. பின்னர் 1840களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர், பளபளப்பான பொருள் ஒன்றைக் கண்ணுக்குச் சற்று மேலே பிடித்து, அதையே உற்று நோக்கச் செய்து இந்த நிலையை உண்டாக்கினார். ஹிப்னாடிசம் என்ற பெயர் பரவியதும் அவரால்தான்.

நாங்கள் இன்று செய்வது ஃபாரியா சொன்ன வழியில் அமைந்தது. உங்கள் அம்மா தூங்கப் போவதில்லை, நினைவிழக்கப் போவதும் இல்லை. சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கண்களை மூடி, மூச்சில் கவனம் வைப்பார். பிறகு கையை வயிற்றின் மேல் வைத்து, அந்தக் கையின் இளஞ்சூடு மெல்ல உள்ளே இறங்குவதை உணரச் சொல்வோம். குடல் அலையலையாக, தடையின்றி இயங்குவதை மனத்தில் காண ஓடும் நீரைக் கற்பனை செய்யச் சொல்வது இந்த முறையில் வழக்கம். நம் பக்கத்தவர்களிடம் நான் பேச்சிப்பாறைக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களை நினைக்கச் சொல்வேன். வயலும் வாழைத்தோட்டமும் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே கண்முன் வந்துவிடும். எல்லா நேரமும் அவர் என் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். வேண்டாம் என்று தோன்றினால் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். சொல்ல விரும்பாததை அவர் வாயிலிருந்து யாரும் பிடுங்க முடியாது. குடலுக்கான இந்தச் சிகிச்சையில் குடும்பக் கதை கேட்கவேண்டிய தேவையும் இல்லை.

ஆதாரம் கேட்டீர்கள். மான்செஸ்டரில் பீட்டர் ஹோர்வெல் குழுவினர் 1984இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வுதான் இதற்குத் தொடக்கம். மருந்துக்குக் கட்டுப்படாத 30 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அரை மணி நேர அமர்வுகள் ஏழு அளித்தார்கள். மற்றவர்களுக்கு உளவியல் ஆலோசனையும் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஹிப்னாடிசம் பெற்றவர்களிடம் தெரிந்த முன்னேற்றம் மிகத் தெளிவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் அதன் பிறகு பல ஆய்வுகள் நடந்து, 2008இல் இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், 12 மாதம் மருந்து எடுத்தும் குணமாகாத ஐ.பி.எஸ். நோயாளிகளுக்குப் பரிசீலிக்கத்தக்க சிகிச்சைகளில் ஒன்றாக இதையும் சேர்த்தது. எல்லாருக்கும் இது ஒரே அளவில் கைகூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலர் எளிதில் ஆழ்ந்துவிடுவார்கள், சிலருக்கு ஒன்றுமே நிகழாது, பெரும்பாலோர் இடைப்பட்டவர்கள்.

பேனரைப் பொறுத்தவரை என் பதில் கடுமையானது. முற்பிறவி என்று அங்கே வெளிவருவது, கேட்பவர் தூண்டத் தூண்டச் சொல்பவரின் மனம் புனைந்து கொடுக்கும் கதை. இந்த நிலையில் இருப்பவர் நடக்காததையும் நடந்ததாக உறுதியாக நம்பிவிடக்கூடும். அப்படிப் பிறந்த பொய் நினைவுகளால் வெளிநாடுகளில் குடும்பங்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. குடியை நிறுத்தும் வாக்குறுதி அதைவிட ஆபத்தானது; நெடுநாள் குடித்தவர் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே கேடு நேரலாம்.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், குழித்துறை)

மேலே எழுதிய அம்மையார் விட்டுச்சென்ற ஓர் இந்திய அத்தியாயத்தைச் சேர்க்கிறேன். நம் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியபோது அறுவைக்கு மயக்க மருந்து வழக்கத்தில் இல்லை. மயக்க மருந்தாக ஈதர் வெற்றிகரமாகப் பொதுவில் காட்டப்பட்டது 1846 அக்டோபரில். குளோரோஃபார்ம் அதற்கும் அடுத்த ஆண்டு. அதற்கு முன்பு பெரும்பாலான இடங்களில் கத்தி வைத்தால் நோயாளியை ஆட்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த இடைக்காலத்தில், 1845 ஏப்ரலில், வங்காளத்து ஹூக்ளியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், விரைவீக்கத்தால் துடித்த ஒரு கைதிக்கு மெஸ்மர் முறையைப் பயன்படுத்தி அறுவை செய்தார். பின்னர் யானைக்கால் நோயால் விளைந்த மிகப் பெரிய கட்டிகளையும் அப்படியே அகற்றினார். இருட்டறையில் நோயாளியின் உடலுக்கு மேலாக மணிக்கணக்கில் கையை வீச வேண்டும். அந்த உழைப்பைச் செய்தவர்கள் பெரும்பாலும் அவர் பயிற்றுவித்த இந்திய உதவியாளர்களே. அவர்களைப் பற்றி நம் நூல்கள் பேசாதது எனக்கு நெடுநாள் வருத்தம். அரசு ஒரு குழுவை அமைத்துப் பார்வையிட்டது, 1846இல் கல்கத்தாவில் ஒரு சிறு மருத்துவமனையும் கொடுத்தது. ஈதரும் குளோரோஃபார்மும் வந்த பிறகு அந்த முறைக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

ஒரு சந்தேகம். வெள்ளைக்கார மருத்துவர் முன் ஒரு கைதியோ ஏழையோ வலித்தது என்று சொல்லத் துணிவாரா? குழு பார்த்த நோயாளிகளில் சிலரது முகத்திலும் உடலிலும் வேதனையின் அறிகுறிகள் தெரிந்தன என்றும், விழித்த பின்பு அவர்கள் வலித்ததாகச் சொல்லவில்லை என்றும் பதிவாகியிருக்கிறது. இதை மருத்துவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

மறுமொழி 3 (மயக்கவியல் மருத்துவர், ஆசாரிப்பள்ளம்)

ஆசிரியர் ஐயாவின் சந்தேகம் நியாயமானது. அச்சத்தால் சிலர் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் முழுவதையும் அச்சத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. வலி எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பது வேறு, அது எவ்வளவு வருத்துகிறது என்பது வேறு. 1997இல் சயன்ஸ் இதழில் பியேர் ரெய்ன்வில் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கையைச் சூடான நீரில் வைத்திருந்தவர்களுக்கு வருத்தம் கூடும், குறையும் என்று ஹிப்னாடிச நிலையில் சொன்னபோது, மூளையில் வலி தரும் வருத்தத்தோடு தொடர்புடைய முன் சிங்குலேட் பகுதியின் இயக்கம் அதற்கேற்ப மாறியது. தொடு உணர்வைப் பதிவு செய்யும் பகுதி அவ்வாறு மாறவில்லை. உடல் நெளிந்தும் மனம் துன்பப்படாமல் இருக்க இடம் உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல் தைராய்டு அறுவை உள்ளிட்டவற்றை, உள்ளூர் மரப்பு ஊசி, குறைந்த அளவு மயக்க மருந்து ஆகியவற்றுடன் ஹிப்னாடிசத்தையும் இணைத்துச் செய்து வருகிறார்கள். இணைத்து என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மரப்பு ஊசி இல்லாமல் அங்கே யாரும் கத்தியைத் தொடுவதில்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒன்று: அம்மாவுக்கு உடல் எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, ரத்தசோகை வந்தாலோ, ஹிப்னாடிச அமர்வுகளை நிறுத்திவைத்துவிட்டு முதலில் குடல்நோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வியாளரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கால்வாய்த் தண்ணீர் என்றதும் சிரித்துவிட்டார். அவருக்கு இரண்டு சந்தேகங்கள்: நான் கூட உட்காரலாமா? வீட்டு மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

மறுமொழி 4 (மருத்துவ உளவியலாளர், நாகர்கோவில்)

தாராளமாக உட்காரலாம், முதல் அமர்வில் நீங்கள் உடனிருப்பதை நானே விரும்புவேன். மாத்திரை எதையும் நிறுத்தக்கூடாது. குறைப்பதா என்பதைக் குடல்நோய் மருத்துவர்தான் முடிவு செய்வார். போகும்போது கொலனோஸ்கோப்பி அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் கொண்டுபோங்கள். மனச்சிதைவு, வலிப்பு போன்ற நோய் முன்பு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையாளருக்கு மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அமர்வின் குரலைச் செல்பேசியில் பதிந்து கொடுப்பார்கள். அம்மா அதைத் தினமும் வீட்டில் கேட்டுப் பயிற்சி செய்ய வேண்டும், பலன் பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கும். வயிற்று வலி, போக்கு, பயணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் தேதியிட்டுக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் ஆகியும் அந்த நோட்டில் மாற்றம் தெரியாவிட்டால், மேலும் பணம் செலவழிக்காமல் மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.