காலையில் கை மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? மூட்டுவாதம்: எல்லையோரத்து அனுபவங்கள்

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து:

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவள். நல்ல நாளில் ஆயிரம் சுற்றுவாள். 2021 தை மாதம் அது எழுநூறாகி, பங்குனிக்குள் முந்நூறுக்கு வந்துவிட்டது. கடையில் இலையும் தூளும் எடைபோட்டுத்தான் தருவார்கள், கணக்குக் குறைந்தால் கேள்வி வரும். அப்படித்தான் விஷயமே வீட்டுக்குத் தெரிந்தது. அதுவரை கை வலி என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடியக்காலையில் தட்டை மடியில் வைத்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேராது. வெட்டிய இலையில் தூளை வைத்து உருட்டினால் பாதியில் பிரிந்து மடியெல்லாம் கொட்டும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் விரல்கள் தானாக இளகும். அப்புறம் ராத்திரி வரை உட்கார்ந்து விட்ட கணக்கைப் பிடிப்பாள்.

அந்தப் பத்து மணியில்தான் நோயின் பெயரே இருந்தது: முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். அது புரிய எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது.

முதலில் பார்த்த எலும்பு டாக்டர் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்றார். அம்மாவுக்கு அப்போது 46 வயது. மூன்று மாதம் வலி மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். அடுத்தவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஏ.எஸ்.ஓ. கூடுதல் என்று 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டார். இடுப்பில் நான்கு ஊசி. அந்தச் சோதனை, தொண்டைக்கு ஒரு கிருமி எப்போதோ வந்து போனதைக் காட்டுவது, அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பெரியவர்களின் மூட்டு வீக்கத்துக்கு ஊசி போடக் கூடாது என்று பின்னால் தெரிந்தது. எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே ரிப்போர்ட்டில், முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்தச் சோதனையில், ‘ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ்’ என்றும் இருந்தது. வாதம் கிடையாது, வேலைப் பளு, மனசுதான் காரணம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தவளும் நான்தான். முடக்குவாதக்காரர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவருக்கு அந்தச் சோதனை நெகட்டிவாகவே வரும் என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அப்புறம் பொடி. மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தருகிறார் என்று அத்தை வாங்கி வந்தாள். மூன்றாம் நாள் அம்மா எழுந்து மாவாட்டினாள். சாமி கும்பிடாத குறை. இரண்டு மாதத்தில் முகம் பௌர்ணமி மாதிரி உருண்டுவிட்டது, இல்லாத சர்க்கரையும் வந்துவிட்டது. பொடியை ஒரு நாள் விட்டால் எழுந்திருக்க முடியவில்லை. ‘மூலிகைதான், பக்கவிளைவு இல்லை’ என்று யாராவது பொடி கொடுத்து மூன்று நாளில் வலி பறந்துபோனால், தயவுசெய்து சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

எங்களைச் சரியான வழிக்குத் திருப்பியவர் கேரளத்துப் புனலூரில் ஒரு ஆயுர்வேத டாக்டர் அம்மா. இது நிறையப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். குழம்பு (கெட்டியான மூலிகை எண்ணெய்) தேய்த்து உழிச்சல் (மசாஜ்) செய்துவிட்டு வரலாம் என்றுதான் போனோம். (1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது. வைத்தியத்துக்கு மலை ஏறி இறங்குவது எங்களுக்குப் புதிதில்லை.) டாக்டர் எங்கள் அம்மாவின் கையை, கை குலுக்குவது போலப் பிடித்து, விரல்கள் தொடங்கும் மொட்டு வரிசையை இரண்டு பக்கத்திலிருந்தும் லேசாக அழுத்தினார். அம்மா ‘அய்யோ’ என்று எழுந்தே விட்டாள். அப்புறம் கேட்டார்: “ராவிலே எழுந்நேல்க்கும்போள் கை மடக்கான் பற்றுமோ? எத்ர நேரம் வேணும்?” காலையில் எழும்போது கை மடக்க முடிகிறதா, எவ்வளவு நேரம் ஆகும் என்று. பத்து மணி ஆகும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது ஆமவாதம் (முடக்குவாதத்துக்கு ஆயுர்வேதத்தில் சொல்லும் பெயர்), வீக்கம் இப்படி இருக்கும்போது எண்ணெய் தொடவே கூடாது, தேய்த்தால் கூடும், வேண்டுமானால் சூடு மணலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடு, நாளைக்கே ருமட்டாலஜி (மூட்டுவாத) டாக்டரைப் பார் என்று எழுதிக் கொடுத்தார். பொடியை ஒரே நாளில் நிறுத்தாதே, பாக்கி இருப்பதை அந்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு என்றும் சொன்னார். பீஸ்கூட வாங்கவில்லை.

தென்மலையில் பிரிந்து குளத்துப்புழை, மடத்தறை, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம். அங்கே ஆன்ட்டி சி.சி.பி. என்ற சோதனை எழுதினார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாக இருக்கிறவர்களில் சிலருக்கு இதுதான் காட்டிக்கொடுக்கும். அம்மாவுக்கு அளவுக்கு மேல் பல மடங்கு. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 78, அதுவும் கூடுதல். பொடிக்குப் பதிலாக ஸ்டீராய்டு மாத்திரையையே அளந்து கொடுத்து மெல்ல மெல்லக் குறைத்தார்கள். முக்கிய மருந்து மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரே ஒரு நாள், 10 மில்லிகிராமில் தொடங்கி. வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட்.

இங்கேதான் ஒரு கண்டம். சீட்டில் ‘ஞாயறாழ்ச்ச’ என்று மலையாளத்தில் எழுதியிருந்ததை நம்மூர் மருந்துக் கடைப் பையன் கவனிக்காமல் கவரில் 1-0-0, அதாவது தினமும் காலையில் ஒன்று, என்று போட்டுவிட்டான். ஞாயிறும் திங்களும் அம்மா போட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை அட்டையை எண்ணிப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. உடனே போன் செய்தோம், நிறுத்தச் சொல்லி, ரத்த அணு எண்ணிக்கை பார்க்கச் சொன்னார்கள். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. தினமும் போட்டு உயிரே போனவர்கள் உண்டு என்று டாக்டர் திட்டினார். அன்றிலிருந்து தினசரி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் மட்டும் மாத்திரையை ஒட்டி வைக்கிறேன். இது கேன்சர் மாத்திரை என்று அதே கடையில் பயமுறுத்தவும் செய்தார்கள். கேன்சருக்குக் கொடுப்பது பல மடங்கு பெரிய அளவு.

ஆறு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. ‘பொடியே தேவலை’ என்று அம்மா முனகினாள். பத்தாவது வாரம் ஒரு காலை ஏழு மணிக்குத் தட்டில் பீடி விழுந்துகொண்டிருந்தது. இப்போது வாரம் 20 மில்லிகிராம், கூடவே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், அதற்காகக் கண் பரிசோதனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், கல்லீரல், கிரியாட்டினின் (கிட்னிக்கு) டெஸ்ட். எண்ணூறு வரை சுற்றுகிறாள். வளைந்துபோன இடது சுண்டுவிரல் மட்டும் நிமிரவில்லை. அது அந்தப் பதினான்கு மாதக் கணக்கு.

கம்பத்திலிருந்து:

அக்கா, உங்களுக்கு பத்து மணி என்றால் எனக்கு ராத்திரி மூன்று மணி. நான் ஜீப் ஓட்டுகிறவன், கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோவேன். 24 வயதில் இடுப்பு வலி. அந்த ரோட்டில் ஜீப் ஓட்டினால் வராமல் என்ன செய்யும் என்றார்கள், நானும் நம்பினேன். ஸ்கேனில் டிஸ்க் கொஞ்சம் விலகியிருக்கிறது என்று ஆறு வாரம் படுக்கையில் போட்டார்கள். படுக்கப் படுக்க மோசமானது. மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும், வாசலில் முன்னும் பின்னும் நடந்தால் குறையும். பக்கத்து வீட்டுக்காரர் திருடன் என்றே ஒருநாள் டார்ச் அடித்தார்.

இப்படி நான்கு வருஷம். அப்புறம் வலது கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியவில்லை. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து போட்டும் கேட்காமல் மதுரைக்குப் போனேன். கண் டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, காலையில் இடுப்பு விறைக்குமா?” என்றார். கண்ணைக் காட்ட வந்தவனிடம் இடுப்பைக் கேட்கிறாரே என்று முழித்தேன். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுச் சோதனை பாசிட்டிவ், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் எம்.ஆர்.ஐ.யில் அழற்சி. அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பை விறைக்க வைக்கும் வாதம். கண் அழற்சியும் இதோடு சேர்ந்து வருமாம். எக்ஸ்ரேயில் தெரிய வருஷக்கணக்கில் ஆகுமாம்.

ஒன்று சொல்லணும். வலி மாத்திரை கெடுதல் என்று எல்லாரும் சொல்வார்கள். இந்த நோய்க்கு டாக்டர் சொல்லும் வலி மாத்திரைதான் முதல் மருந்து, கிட்னி டெஸ்ட் பார்த்துக்கொண்டே. உங்கள் அம்மாவின் வார மாத்திரை முதுகெலும்புக்கு வேலை செய்யாது. எனக்கு வலி மாத்திரையும் போதாமல், அழற்சியை அடக்கும் பயாலஜிக் ஊசி வரை போயிற்று. அதற்கு முன்னால் டி.பி. இருக்கிறதா என்று பார்த்தார்கள். கூடவே தினமும் உடற்பயிற்சி. சிகரெட்டை விட்டேன், அதுதான் மாத்திரையைவிடக் கஷ்டமாக இருந்தது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எதற்கும், மூட்டு வலிக்கு முன்னால் காய்ச்சல் வந்ததா என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் அப்பாவுக்கு 2007ல் சிக்குன்குனியா. காய்ச்சல் நாலு நாள், மூட்டு வீக்கம் எட்டு மாதம். பார்க்க முடக்குவாதம் மாதிரியேதான் இருந்தது. தானாகப் போய்விட்டது.

களியக்காவிளையிலிருந்து:

அக்கா, எனக்கு 26. உங்கள் அம்மா சாப்பிடும் அதே ஞாயிற்றுக்கிழமை மாத்திரைதான். வைகாசியில் கல்யாணம். பயத்தில் நானாகவே ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன், மணிக்கட்டு மறுபடி வீங்குகிறது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா?

மறுபடி செங்கோட்டை:

தங்கச்சி, முதலில் டாக்டரிடம் போ. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அந்த மாத்திரை ஆகவே ஆகாது, அதனால் சுமார் மூன்று மாதம் முன்னாடியே நிறுத்துவார்கள். ஆனால் சும்மா விடமாட்டார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபசலஜின் மாதிரி அந்தச் சமயத்தில் சாப்பிடக்கூடியதாக மாற்றித் தருவார்கள். எப்போது பிள்ளை வேண்டும் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்து அவரிடம் சொல்ல வேண்டும், அதுவரை கருத்தடை. வீட்டில் சொல்லிவிடு என்பேன். முதல் வாரமே காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் நின்றால் மறைக்கவா முடியும்?

அடுத்த புதன் நாங்கள் திருவனந்தபுரம் வருகிறோம். உனக்கு அங்கே பக்கம்தான், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வா. ஓ.பி. வரிசையில் எங்கள் அம்மாவை அடையாளம் கண்டுபிடிப்பது லேசு. சீட்டைக் கையில் கொடுத்தால் டாக்டர் கூப்பிடுவதற்குள் அதைப் பீடி மாதிரி உருட்டி வைத்திருப்பாள்.