மாலகாவில் குளிர்காலம் கழித்தவர்கள் இருக்கிறீர்களா?

தேம்ஸ்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நானும் இவரும் 31 வருடமாக லண்டனில் இருக்கிறோம். இருவரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. பயணம் எங்களுக்குப் புதிதில்லை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதே பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி எல்லாம் காரிலேயே சுற்றியிருக்கிறோம். ஆனால் வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வீடெடுத்து, சமைத்துச் சாப்பிட்டு இருந்து பார்த்ததில்லை.

இவர் இந்தச் சித்திரையோடு வேலையை விட்டுவிட்டார். லண்டன் குளிரில் முழங்கால் வலியால் படியேறவே கஷ்டப்படுகிறார். அதனால் வருகிற நவம்பர் 1 முதல் மார்ச் முடியும்வரை ஸ்பெயினின் தென்கரையில், மாலகாவிலோ நெர்ஹாவிலோ, இருக்கலாம் என்று பார்க்கிறோம். நத்தாருக்கு மட்டும் டிசம்பர் 20இல் வந்து பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு, ஜனவரி 2இல் மறுபடி போவோம். இப்படி வெளியே வந்து போனால், விசா இல்லாமல் இருக்கக்கூடிய 90 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று ஒரு பயண முகவர் சொன்னார். அது சரியா? அப்புறம், அங்கே வீடு, சாப்பாடு, மருந்து எல்லாம் எப்படி?

ரெடிங்_தம்பி:

அக்கா, அவர் சொன்னது பிழை. வெளியே வந்தால் எண்ணுவது நிற்கும், எண்ணியது அழியாது. எந்த நாளை எடுத்தாலும் அதையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளைப் பார்ப்பார்கள். அதற்குள் ஷெங்கன் நாடுகள் (ஸ்பெயின் உட்பட, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) எல்லாவற்றிலுமாக 90 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. போய் இறங்கும் நாளும் கணக்கு, புறப்படும் நாளும் கணக்கு. உங்கள் திட்டப்படி டிசம்பர் 20 வரை 50 நாள் முடிந்துவிடும். ஜனவரி 2இல் திரும்பிப் போனால் மீதி 40 நாளும் பெப்ரவரி 10உடன் சரி. மார்ச் முழுவதும் போச்சு.

முன்பு அதிகாரி முத்திரைகளைப் புரட்டி எண்ணுவார். 2025 அக்டோபர் 12இலிருந்து கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள். இனி அதுவே எண்ணும்.

கடவுச்சீட்டையும் இன்றே எடுத்துப் பாருங்கள். உள்ளே போகும் நாளில் அது வழங்கப்பட்டு 10 வருடம் ஆகியிருக்கக் கூடாது. வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் புதுப்பித்தவர்களுக்குப் பழையதில் மிஞ்சிய மாதங்களையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். அதனால் முடியும் திகதியை மட்டும் நம்ப முடியாது. என் மாமாவை இதனால்தான் விமானத்தில் ஏற்றவில்லை.

ஆறு_குளிர்காலம்:

தங்கச்சி, நானும் மனுசியும் ஆறு குளிர்காலம் அங்கே இருந்திருக்கிறோம். நான்கு நெர்ஹாவில், இரண்டு மாலகா நகரத்தில். நாள் கணக்கைத் தம்பி சரியாகச் சொல்லிவிட்டார். நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அவருக்கு முழங்கால் வலி என்கிறீர்கள்.

ஜனவரியில் மாலகாவில் பகலில் 17 பாகை வரை இருக்கும். வெயிலில் நடந்தால் மேற்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வீர்கள். ஆனால் வீட்டுக்குள் வந்தால் குளிரும். அங்கே வீடுகளைக் கோடை வெயிலுக்காகக் கட்டியிருக்கிறார்கள். தரை முழுக்க ஓடு, பெரும்பாலான வீடுகளில் லண்டன்போல மைய வெப்பமூட்டல் கிடையாது. முதல் வருடம் படங்களைப் பார்த்து, வடக்குப் பார்த்த கீழ்த்தள வீடொன்றை மூன்று மாதத்துக்கு எடுத்துவிட்டோம். ஒரு துளி வெயில் உள்ளே வரவில்லை. துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாது. மனுசிக்கு இருமல் பிடித்து, வீட்டுக்குள்ளேயே கோட் போட்டுக்கொண்டு சமைத்தார். அவரைக் கூட்டிவந்து இப்படிப் படுத்துகிறேனே என்று எனக்கு மிகவும் கவலையாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வட்ட மேசை, தரைவரை தொங்கும் கனத்த துணி. அதன் கீழே சின்ன ஹீற்றர். துணியை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். 'மேசா கமிலா' என்பார்கள். அந்தக் காலத்தில் கீழே கரித்தணல் சட்டி வைப்பார்களாம். கால்மணி நேரத்தில் கால் முழுவதும் சூடேறிவிட்டது. உங்கள் அவருடைய முழங்காலுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இரண்டாம் வருடத்திலிருந்து தெற்குப் பார்த்த, முதல் மாடிக்கு மேலே, லிஃப்ட் உள்ள வீடாகத்தான் எடுக்கிறோம். சுடுதண்ணீர் மின்சாரமா காஸா என்றும் கேளுங்கள். காஸ் என்றால் 12.5 கிலோ ஆரஞ்சு நிறச் சிலிண்டர். குளித்துக்கொண்டிருக்கும்போது தீர்ந்துவிடும், அதனால் இரண்டு இருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரம் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குப் பிறகு, இரவு ஒன்பதுக்கு. சின்னக் கடைகள் இரண்டிலிருந்து ஐந்து வரை பூட்டியிருக்கும். மாலகாவில் அதராசானாஸ் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். அரேபியர் காலத்தில் கப்பல் கட்டிய இடம், வாசல் வளைவு இன்னும் நிற்கிறது. ஞாயிறு சந்தை இல்லை. திங்களன்று மீன் வாங்காதீர்கள், வார இறுதியில் படகுகள் போவதில்லை. நெத்தலி அவ்வளவு நன்றாக இருக்கும். மாலகாக்காரர்களுக்கே அந்த மீனின் பெயர்தான் பட்டப்பெயர். புளி, மிளகாய்த்தூள் மட்டும் லண்டனிலிருந்து கொண்டு போங்கள்.

கோப்பிக்கு அங்கே பாலின் அளவை வைத்து ஒன்பது பத்துப் பெயர் உண்டு. பாதிக்குப் பாதி என்றால் 'மித்தாத்'. பால் கூடினால் 'சோம்ப்ரா', அதாவது நிழல். நிறையப் பாலில் துளி கோப்பி என்றால் 'நூபே', மேகம். பால்தேத்தண்ணி குடித்துப் பழகிய என் மனுசிக்கு மேகம்தான்.

மருந்துக்கடையில் பச்சைச் சிலுவை எரியும். இரவில் எது திறந்திருக்கும் என்று பூட்டிய கடைக் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். நம் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் இலவசமாகத் தரும் ஜிஎச்ஐசி அட்டையை, அதாவது வெளிநாட்டில் வைத்தியம் பார்ப்பதற்கான அட்டையை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது அரசு வைத்தியத்துக்குத்தான். தனியார் மருத்துவமனைக்கும், லண்டனுக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவுக்கும் உதவாது. முழங்கால் பிரச்சினையை மறைக்காமல் எழுதித் தனியாகப் பயணக் காப்புறுதியும் எடுங்கள்.

தேம்ஸ்கரை:

அண்ணா, தம்பி, இருவருக்கும் மிக்க நன்றி. இவரிடம் வாசித்துக் காட்டினேன். இவருடைய கடவுச்சீட்டு 2017இல் எடுத்தது, அதை முதலில் மாற்றப்போகிறோம். நத்தாரை இங்கேயே முடித்துவிட்டு ஜனவரி 2இல் போய் ஏப்ரல் 1இல் வந்தால் 90 நாள் சரியாக வருகிறது, எண்ணிப் பார்த்தேன். ஒரு தடவை போய் வந்தால் விமானச் செலவும் குறையும். வீட்டுக்காரரிடம் என்ன கேட்டு எழுத வேண்டும்?

ஆறு_குளிர்காலம்:

நல்ல முடிவு, தங்கச்சி. 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் மாலகாவில் சுவாமி ஊர்வலம், நடு நகரத்தில் வாடகையும் ஏறும், தெருவும் அடைபடும். அதனால் மூன்று மாதத்துக்கும் ஒரே வாடகை என்று இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். 'ஹீற்றர் இருக்கிறதா' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். எந்த அறையில், எத்தனை என்று கேளுங்கள். ஜனவரியில் மதியம் மூன்று மணிக்கு வரவேற்பறையில் வெயில் விழுகிறதா என்று கேட்டு, அந்த நேரத்தில் எடுத்த படமொன்றையும் அனுப்பச் சொல்லுங்கள்.