தாழ்வாரத்து வெளிச்சத்துக்கு எந்தத் திரை?

குழு: கும்பகோணம் வீடு

சித்ரா (காலை 10:12)
என் லேப்டாப்பை இனியும் இழுத்துக்கொண்டு போக முடியாது. பழையதைச் சரிபார்த்து விற்கும் கடையில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே லெனோவோ திங்க்பேட் டி14, 2022இல் வந்த மூன்றாம் தலைமுறை, 14 அங்குலம். ஒன்றின் திரையில் 2240 x 1400 பிக்சல், அதாவது புள்ளிகள்; வெளிச்சம் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). இன்னொன்று 1920 x 1200, ஆனால் 400 நிட்ஸ். விலை ஒன்றேதான். எதை எடுக்கட்டும்?

முத்து (10:20)
2240 எடு சித்ரா. நாள் முழுக்கத் தமிழ் எழுத்தையே பார்த்துப் பிழை திருத்துகிறாய். கி-க்கும் கீ-க்கும் நடுவே ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம். ர வரவேண்டிய இடத்தில் கால் விழுந்திருந்தால் அடியில் இருக்கும் சாய்வை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பிக்சல் அதிகம் இருந்தால் இதெல்லாம் பளிச்சென்று தெரியும். நான் கல்யாண ஆல்பம் செய்கிறவன், அனுபவத்தில் சொல்கிறேன்.

வசந்தா (10:24)
கண்ணுக்கு எது நல்லதோ அதை வாங்குடி. சாயங்காலமானால் தலைவலி என்கிறாய்.

பிரபு (10:41)
சித்தி, பகலில் இன்னும் முற்றத்துப் பக்கத் தாழ்வாரத்தில்தான் உட்காருகிறீர்களா?

சித்ரா (10:43)
ஆமாம்ப்பா. மூன்று மணி வரை அங்கேதான். உள்ளே காற்றே கிடையாது. இருட்டின பிறகு கூடத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில்.

நிலா (10:44)
அண்ணா, மத்தியானத்தில் அம்மா தலையோடு சேர்த்துத் திரைமேல் துண்டைப் போட்டுக்கொண்டுதான் படிப்பார். வெளிச்சத்தை முழுசாக ஏற்றியும் போதாது.

பிரபு (10:58)
அப்படியென்றால் 400 நிட்ஸ்தான் சித்தி. ஏன் என்று சொல்கிறேன்.

திரை தன் வெளிச்சத்தை வெளியே விடுகிறது. முற்றத்திலிருந்து வரும் பகல் வெளிச்சமும் அதே திரையில் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வருவது கூடக் கூட, கறுப்பு எழுத்து சாம்பல் நிறமாகிவிடும். அப்படி மங்கும்போது முதலில் காணாமல் போவது நுணுக்கமான பகுதிகள்தான். மாமா சொன்ன கீ-யின் சுழியும், ர-வின் சாய்வும் அங்கேதான் போகும். கூடுதலாக இருக்கும் பிக்சல், பார்க்க முடியாத நேரத்தில் யாருக்கு உதவும்?

இன்னொன்று. எழுத்து சின்னதாகத் தெரிந்தால் பக்கத்தை 150 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். வெளிச்சம் 300இல் நின்றுவிட்டால் அதற்கு மேல் ஏற்ற எந்த வழியும் இல்லை.

முத்து (11:05)
பெரிதாக்கினால் பக்கத்தில் பாதிதானே தெரியும்? அதற்குத்தான் 2240 கேட்கிறேன். இடம் கூடுதலாகக் கிடைக்குமே.

பிரபு (11:17)
அப்படித்தான் தோன்றும் மாமா. ஆனால் 14 அங்குலத்தில் 2240ஐ அப்படியே வைத்தால் மெனு எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். விண்டோஸில் எல்லாவற்றையும் 150 சதவீதம் பெரிதாக்கி வைக்க வேண்டியிருக்கும். அப்போது கிடைக்கும் இடம் 1493 x 933. 1920 திரையை 125இல் வைத்தால் 1536 x 960. இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கூர்மையில் வித்தியாசம் இருப்பது உண்மை. ஒரு அங்குலத்துக்கு 1920 திரையில் 162 பிக்சல், 2240 திரையில் 189. நல்ல பார்வை உள்ளவர் 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் சுமார் 145 வரைக்கும்தான் பிரித்துப் பார்க்க முடியும் என்பது பொதுவான கணக்கு. 50 செ.மீ. என்றால் 175. குனிந்து கிட்டப்போய்ப் பார்க்கிறவருக்கு 2240 கொஞ்சம் நன்றாகத் தெரியும்.

சித்ரா (11:20)
கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கை நீளத்தில்தான் உட்காருகிறேன்.

முத்து (11:26)
சரி, அந்தத் தூரத்துக்கு 162 போதும், ஒப்புக்கொள்கிறேன். நிறம்? என் வேலைக்கு வெளிறிப்போன திரை ஆகாது. இவளும் அட்டைப்படம் பார்க்கிறாளே.

பிரபு (11:34)
எஸ்ஆர்ஜிபி என்பது திரைகளுக்கான பொதுவான நிற வரம்பு. 2240 திரை அதில் 100 சதவீதம் காட்டும். 400 நிட்ஸில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒன்று உண்டு, அதுவும் 100 சதவீதம். அதை வாங்கினால் நிறத்தில் நஷ்டம் இல்லை. மாதப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்தும் நாளில் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். உங்களை மாதிரி ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து முகத்தைப் பெரிதாக்கி ரீடச் செய்கிறவருக்கு நானும் 2240தான் சொல்வேன் மாமா. அங்கே வெயில் வராது, 300 தாராளம்.

நிலா (11:36)
400 இருந்தால் மத்தியானம் துண்டு வேண்டாமா அண்ணா?

பிரபு (11:45)
நேர் வெயில் விழுந்தால் இரண்டுமே உதவாது. 300க்கு 400 என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், ஆனால் கண்ணுக்கு அவ்வளவாகத் தோன்றாது. தாழ்வாரத்து நிழலில், வெள்ளைப் பக்கம் சாம்பலாகத் தெரியாமல் வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு உதவும். சித்தி, திரை முற்றத்தைப் பார்த்த மாதிரி வைக்காதீர்கள். பக்கவாட்டில் வெளிச்சம் வருகிற மாதிரி திருப்பிப் போடுங்கள். பளபளப்பில்லாத திரைதான் இது, முகம் தெரிகிற தொல்லை குறைவு.

சார்ஜரைக் கழற்றியதும் மங்கினால் பயப்படாதீர்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தானாகக் குறைப்பது. செட்டிங்கில் நிறுத்திவிடலாம், நான் செய்து தருகிறேன்.

வசந்தா (11:47)
அவ்வளவு வெளிச்சம் ராத்திரியில் கண்ணைக் குத்தாதா?

பிரபு (11:49)
ராத்திரியில் குறைத்துக்கொள்ளலாம் அம்மா. 400 வரை போகும் என்றால் எப்போதும் 400இல் எரியும் என்று இல்லை.

சித்ரா (11:52)
இப்போதும் கூடத்தில் பாதிக்கும் கீழேதான் வைக்கிறேன். சரி, 1920ஐ எடுத்துவிடுகிறேன்.

பிரபு (12:03)
பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் சித்தி, இது முக்கியம். இதே டி14இல் 1920 x 1200 திரை 300 நிட்ஸிலும் வந்தது. நிறமும் வெளிறியிருக்கும். பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னதா, எழுதி வைத்திருக்கிறாரா?

சித்ரா (12:05)
வாயால்தான் சொன்னார்.

பிரபு (12:08)
அப்படியென்றால் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம். லெனோவோ தளத்தில் போட்டால் எந்தத் திரையோடு வந்தது என்று காட்டும். யாராவது நடுவில் திரையை மாற்றியிருந்தால் அதில் தெரியாது. அதனால் கடை வாசலுக்கு இரண்டையும் கொண்டுவரச் சொல்லி, வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே டியூப்லைட்டில் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது.

முத்து (12:10)
உன் வேலைப் பக்கம் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போ சித்ரா. அடிக்குறிப்பு இருக்கிற பக்கமாக, சின்ன எழுத்தாக.

சித்ரா (12:14)
நல்ல யோசனை அண்ணா. நாளை பதினோரு மணிக்குப் போகிறேன், அப்போதுதான் வெயில் ஏறியிருக்கும். பிரபு, போனைக் கையிலேயே வைத்திரு.