அன்ஃபெய்த்ஃபுல் பார்த்தவர்கள் வாங்க: எந்த இடத்தில் மனசு நின்றது?

கமுனிங் பொண்ணு

கதை எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2002இல் ஏட்ரியன் லைன் எடுத்த ஆங்கிலப் படம்: எட்வர்டின் மனைவி கானி, பால் என்பவனோடு கள்ள உறவில் விழுகிறாள், தெரிந்ததும் எட்வர்ட் அவனைக் கொன்றுவிடுகிறான். நான் பார்த்தது ரொம்பப் பின்னால், மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் அண்ணன் வீட்டில், ஒரு மத்தியானம் அண்ணியோடு. அண்ணன் செம்பனை லோரி ஓட்டப் போயிருந்தார். அந்த மாதிரிக் காட்சிகள் வரும் என்று தெரிந்துதான் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஆனால் என்னைப் பிடித்தது அதுவல்ல, ரயில். பாலிடம் போய்விட்டு கானி வீடு திரும்புகிறாளே, அந்த இடம். வசனம் கிடையாது. நடந்தது துண்டு துண்டாக வந்து போகிறது, மற்றபடி கானியாக நடித்த டயான் லேன் முகம்தான். சிரிக்கிறாள், வெட்கப்படுகிறாள், திடீரென்று பயம் பிடிக்கிறது, அழுகை முட்டுகிறது, மறுபடியும் சிரிப்பு வருகிறது.

அண்ணி அதுவரைக்கும் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தார். அங்கே வந்ததும் கத்தி நின்றுவிட்டது. "இவ இப்ப வீட்டுக்குப் போய் சோறு ஆக்கணும்ல" என்றார். அவ்வளவுதான். மறுபடியும் வெங்காயம்.

அண்ணி யாரென்று தெரிந்தால்தான் இது புரியும். கடைத்தெருவில் ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாலே முகம் சுளிப்பவர். திட்டுவார், டிவியை அடைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு ஏன் வந்தது என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். கேட்கவும் வாய் வரவில்லை. உங்களுக்கு எந்த இடம்?

பழைய கேசட் கடை

அப்போது நான் வீடியோ கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். விசிடி காலம், ஒரு படம் இரண்டு தட்டில் வரும். இந்தப் படத்தை யாரும் பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "தம்பி, அந்தக் காத்தடிக்கிற படம் இருக்கா?" என்பார்கள். ஆரம்பத்தில் நியூயார்க் தெருவில் காற்றடித்து கானி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்வாளே, அதை வைத்துச் சொல்வது. பேப்பரில் சுற்றிக் கொடுப்போம்.

தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி, ஒருவர் எடுத்துப்போனார். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் கல்லாப் பக்கத்திலேயே நின்றார். கடையில் வேறு ஆள் இல்லை. "அவன் ஆசையா வாங்கிக் குடுத்த சாமான அங்க கொண்டுபோய் வெச்சிருக்கா பாரு தம்பி" என்றார். அந்தக் கண்ணாடி உருண்டையைச் சொல்கிறார், குலுக்கினால் உள்ளே பனி கொட்டுமே, அது. எட்வர்ட் மனைவிக்குக் கொடுத்தது. அவள் அதைக் காதலனுக்குக் கொடுத்துவிட்டாள். எட்வர்ட் அங்கே போய்ப் பார்க்கும்போது அது அங்கேதான் இருக்கிறது. கடைசியில் அதை எடுத்துத்தான் அடிக்கிறான்.

மண்டோருக்குப் படுக்கைக் காட்சி ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அந்த உருண்டைதான். சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது. அவர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். இவ்வளவு பேர் சூடான படம் என்று வாங்கிப்போன ஒன்றில் அந்த மனிதர் பார்த்தது அந்தச் சாமானை.

லிந்தாங் அண்ணன்

முதலில் எழுதிய தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். முகத்தில் சிரிப்பு, அழுகை என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. அந்த எட்வர்ட் என்ன தப்பு செய்தான்? குடிக்கிறானா, அடிக்கிறானா? வேலைக்குப் போகிறான், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறான், மனைவிக்குப் பரிசு வாங்கிக் கொடுக்கிறான். எட்வர்டாக வரும் ரிச்சர்ட் கியரை மீசை மழித்த நல்ல மனிதனாகவே படம் முழுக்கக் காட்டுகிறார்கள். காரணமே இல்லாமல் போகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் பார்த்தது நண்பன் வீட்டில். எல்லாரும் ஆம்பளைகள். கடைசிப் பக்கத்தில் ஒரு நினைப்பு வருகிறது, காற்றில் விழுந்த அன்றைக்குக் கானி பாலின் மாடிக்குப் போகாமல் டாக்சியைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டதாக. அந்த இடத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருத்தன், புதுசாகக் கல்யாணம் ஆனவன், எழுந்து வெளியே போய்விட்டான். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எங்களோடு படம் பார்க்க அவன் வரவே இல்லை. டாக்சி பக்கத்திலேயே நின்றதல்லவா? ஏறியிருக்கலாம். அதைத்தான் சொல்கிறேன்.

ஆயாக்கொட்டகை அக்கா

லிந்தாங் தம்பி, காரணம் இல்லாமல் போனாள் என்பதுதான் இந்தப் படத்திலேயே உண்மையான இடம். புருஷனைக் கெட்டவனாக்கியிருந்தால் நாம் எல்லாரும் சுலபமாகத் தலையாட்டிவிட்டு எழுந்து போயிருப்போம். இந்தக் கதைக்கு மூலம் குளோத் ஷப்ரோல் 1969இல் எடுத்த பிரெஞ்சுப் படம். அது பெரும்பாலும் புருஷன் பக்கமே நிற்கும். லைன் அந்தப் பெண் பக்கம் கேமராவைத் திருப்பினார். 2004இல் இதையே தழுவி இந்தியில் மர்டர் வந்தபோது காதலனை வில்லனாக்கிச் சாகடித்து, குடும்பத்தைச் சேர்த்துவைத்து அனுப்பிவிட்டார்கள். அதில் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

நான் தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்தவள். லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு பலகைதான். இருமினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அங்கே ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சுக் கிளம்பியது. நிஜமா பொய்யா என்று யாரும் விசாரிக்கவில்லை. கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். அவளோடு சேர்த்துப் பேசப்பட்ட ஆள் மறுநாள் காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து பேர் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் ரப்பர் பால் வெட்டப் போனான். அவளை அண்ணன் வந்து வேறு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். போகும்முன் கொட்டகைக்கு வந்து பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளையின் மாற்றுச் சட்டை இரண்டும் கொடியில் ஈரமாக இருந்தன. அதைப் பிழிந்து பிழிந்து மடித்தாள். தண்ணீர் வராத பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

படத்தில் கானியின் தோழிகள் காபிக் கடையில் உட்கார்ந்து கள்ள உறவைப் பற்றிப் பேசுவார்கள். அதில் ஒருத்தி, இதெல்லாம் நாசத்தில்தான் முடியும் என்கிறாள். பக்கத்தில் இருப்பவளே அப்படி ஒன்றில் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அந்த ஈரச் சட்டை ஞாபகம் வந்தது அங்கேதான். நாங்களும் அந்தப் பெண் முன்னாலேயே இப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான்.

தாமான் அங்கிள்

நானும் மனைவியும் சேர்ந்தே பார்த்தோம். முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டோம். காலையில் காபி போட்டுக் கொடுக்கும்போது என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். என் கதை அதோடு சரி.

ஆனால் இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். வீட்டில் இப்படி ஒன்று தெரியவந்தால் கோயில் கூட்டம், மாமன் மச்சான் பஞ்சாயத்து எதற்கும் போகாதீர்கள். அக்கா சொன்னது போலத்தான் முடியும். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976 திருமண, விவாகரத்துச் சட்டம் இருக்கிறது, 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. கள்ள உறவு என்பது மணவாழ்க்கை முறிந்ததற்கு நீதிமன்றம் பார்க்கும் காரணங்களில் ஒன்று, 54ஆவது பிரிவு. ஒருவர் மட்டும் மனுப் போடுவதானால் பெரும்பாலும் முதலில் சமரசக் குழுவிடம் போக வேண்டும், அதற்குத் தேசியப் பதிவிலாகாவில் மனுக் கொடுக்கலாம். சேர்ந்து வாழ வாய்ப்பு இருந்தால் அங்கேயே பேசலாம். அதைச் சடங்காக நினைக்காதீர்கள், பேசி மனசு மாறிய குடும்பங்கள் உண்டு. அந்த மூன்றாவது ஆள் மீது நஷ்டஈடு கேட்கவும் 58ஆவது பிரிவில் வழி இருக்கிறது.

இன்னொன்று. கல்யாணமான பெண்ணை ஒருவன் கூட்டிப்போனால் அவனைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டத்தில் 498ஆவது பிரிவு இருந்தது. புருஷனுக்கு மட்டும்தான் அந்த உரிமை, மனைவிக்குக் கிடையாது. பாரபட்சம் என்று 2023 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு ஓடாதீர்கள். முக்கியமாக, கையில் கிடைத்ததைத் தூக்கி யாரையும் அடிக்காதீர்கள். எட்வர்ட் அழிந்தது அந்த ஒரு நிமிஷத்தில். சந்தேகம் வந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து கேளுங்கள். அவன் ஆள் வைத்து வேவு பார்த்தான், மனைவியிடம் ஒரு வார்த்தை நேராகக் கேட்கவில்லை.

ஈப்போ பஸ்

அங்கிள், அறிவுரை நல்லதுதான், ஆனால் இங்கே யாரும் விவாகரத்து பற்றிக் கேட்கவில்லையே. நான் கமுனிங் அக்காவுக்குத்தான் பதில் எழுத வந்தேன்.

நான் பார்த்தது டிவியில், முத்தத்தைக்கூட வெட்டி எறிந்த பிரதி. ரயில் காட்சியில் அந்தத் துண்டுகள் எல்லாம் போய் முகம் மட்டும்தான் மிச்சம். எனக்கு அது போதும். ஏனென்றால் அந்த முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து ஈப்போவிலிருந்து வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அக்கா. கண்ணாடிப் பக்கம் திரும்பித் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார். சுங்கை சிப்புட் நெருங்கியதும் பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்தார். அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த பொட்டைப் பிரித்து நெற்றியில் வைத்தார். சட்டைக்குள் இருந்த தாலியை வெளியே எடுத்துப் போட்டார். உதட்டுச் சாயத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். இறங்கும்போது சிரிப்பு சுத்தமாக இல்லை.

காரணம் ஆயிரம் இருக்கலாம். வேலையிடத்தில் பொட்டு வைக்கக் கூடாது என்றுகூட இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பை அவர் எங்கே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார் என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பழைய கேசட் கடை

முடிவைப் பற்றி யாரும் பேசவில்லை. கார் சிவப்பு விளக்கில் நிற்கிறது, பையன் பின்னால் தூங்குகிறான், பக்கத்தில் போலீஸ் நிலையம். விளக்குப் பச்சையாகியும் கார் நகரவில்லை. டிவிடியில் இன்னொரு முடிவும் இருக்கிறது, எட்வர்ட் இறங்கி நிலையத்துக்குள் போகிறான். லிந்தாங் அண்ணனுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். எனக்குக் கார் நிற்பதுதான் சரி. கொலை செய்தவனும் துரோகம் செய்தவளும் அந்தக் காருக்குள் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. அதற்கு என்ன பேர் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான், போலீஸ்காரர் அல்ல.

லிந்தாங் அண்ணன்

இல்லை தம்பி. ஒரு உயிர் போயிருக்கிறது. உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். அந்தப் பால் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள்.