பாமினி அரசைப் பிளந்தது மதநெறியா, பதவியா?

வரலாற்று மாணவன்:
தக்காணத்தை ஆண்ட பாமினி அரசும் அதிலிருந்து கிளைத்த பிஜப்பூர், அகமதுநகர் போன்ற சுல்தானகங்களும் கண்ட உட்பகையைச் சன்னி–ஷியா மோதலாகவே காண வேண்டும் என்பது என் துணிபு. தலைமுறைகளாகத் தக்காணத்தில் வாழ்ந்த தக்காணிகள் பெரும்பாலும் சன்னிகள்; ஈரானிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்த ஆஃபாக்கிகளில் ஷியாக்கள் மிகுதி. பிஜப்பூரில் 1534-இல் அரியணை ஏறிய இப்ராஹிம், ஷியா முறைக் குத்பாவை (வெள்ளித் தொழுகை உரையை) நீக்கியதோடு ஆஃபாக்கிகள் பலரையும் பதவியிலிருந்து நீக்கினார். 1558-இல் அவரை அடுத்து வந்த அலி ஷியா நெறியை மீட்டதும் அவர்கள் மீண்டும் பதவி பெற்றார்கள். இதற்கு வேறென்ன பொருள் கொள்வது?

பீதர் ஆர்வலன்:
பிஜப்பூரை மட்டும் வைத்து முடிவுகட்டுவது சரியன்று. அகமதுநகரின் நிஜாம் ஷாக்கள், இஸ்லாத்தைத் தழுவிய ஒரு பிராமணரின் வழிவந்த தக்காணிகள்; அவர்களுள் புர்ஹான், ஷா தாஹிர் என்ற ஈரானிய அறிஞரின் செல்வாக்கால் 1537-இல் ஷியா நெறியை ஏற்றார். அதன்பிறகும் பகை தணியவில்லை. 1589-இல் ஆஃபாக்கிகளைக் கொன்று குவித்த தக்காணிகளுக்குத் தலைமை தாங்கிய ஜமால் கான், ஜௌன்பூர் சையத் முஹம்மதை மஹ்தியாக, அதாவது இறுதிக்காலத்தில் வரவிருக்கும் வழிகாட்டியாக, ஏற்ற மஹ்தவி என்ற தனிப்பிரிவைச் சேர்ந்தவர்.

பகையின் வேர் பதவியிலும், பணிக்கு ஈடாக வருவாய்க்கென வழங்கப்பட்ட நிலமான ஜாகீரிலும் இருந்தது. ஈரானிலிருந்து வந்த ஆஃபாக்கியும் பாமினி அரசின் தலைமை அமைச்சருமான மஹ்மூத் கவான் நான்கு மாகாணங்களை எட்டாகப் பிரித்து, ஒவ்வோர் ஆளுநரிடமும் ஒரே ஒரு கோட்டையை மட்டும் விட்டுவைத்தபோது பெரும் பிரபுக்களின் கை ஒடிந்தது. அவருடைய முத்திரை பதிந்த வெற்றுத்தாளை எப்படியோ பெற்று, ஒடிசா மன்னரைப் படையெடுத்து வருமாறு அவர் அழைத்ததுபோல் கடிதம் புனைந்து சுல்தானிடம் காட்டினார்கள். முத்திரை தன்னுடையது, கடிதம் தன்னுடையதன்று என்று கவான் சொல்லியும் பயனில்லை. 1481-இல் அவர் கொல்லப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட பழி அரசத்துரோகம். மதநெறி அங்கே பேச்சிலேயே இல்லை.

வரலாற்று மாணவன்:
ஹப்ஷிகளை விட்டுவிட்டீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அவர்களும் வெளிநாட்டாரே. அப்படியிருந்தும் தக்காணிகளின் பக்கம் நின்றார்கள் என்றால், அவர்கள் சன்னிகள் என்பதே காரணம்.

பீதர் ஆர்வலன்:
அவர்கள் வந்த விதம் வேறு. வணிகராகவும் அறிஞராகவும் வந்த ஈரானியருக்குப் பாரசீகக் கடற்கரைவரை உறவும் பரிந்துரையும் இருந்தன. அடிமைகளாக விற்கப்பட்ட ஹப்ஷிகளுக்குத் தக்காணத்தைத் தவிரப் போக்கிடம் இல்லை. எத்தியோப்பியாவில் பிறந்து விற்கப்பட்ட மாலிக் அம்பர், ஷியா நெறியைத் தழுவிய நிஜாம் ஷா மரபுக்காகத்தான் சன்னிகளான முகலாயரை 1626-இல் தாம் இறக்கும்வரை எதிர்த்து நின்றார்.

வரலாற்று மாணவன்:
அம்பர் காத்தது தம் அதிகாரத்தையும்தான். ஆனால் நீங்கள் சான்று காட்டிய அதே புர்ஹான் ஷியா நெறியை அறிவித்ததும், முல்லா பீர் முஹம்மதின் தலைமையில் சன்னிகள் திரண்டு அகமதுநகர்க் கோட்டையை முற்றுகையிட்டார்களே! அந்தக் கூட்டம் ஜாகீருக்காகத் திரண்டதென்று எப்படிச் சொல்வீர்கள்?