கோட்ஸை ஒழித்தது ரோல் க்யூவா, ஷாங்காய் டிராகன்ஸா?

வில்லாளன்:
அணியாக மோதும் ஓவர்வாட்ச் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமைப் பற்றிக் கேடயக்காரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. "ஓவர்வாட்ச்சில் ஒத்துழைப்பு என்பதே 2019-இல் ரோல் க்யூ, அதாவது யாருக்கு என்ன வேலை என்று முன்பே தேர்ந்து ஆட்டத்துக்குக் காத்திருக்கும் முறை, வந்தபிறகுதான். 2 டேங்க் (முன்னின்று அடி தாங்குகிறவர்), 2 டேமேஜ் (எதிரியை வீழ்த்துகிறவர்), 2 சப்போர்ட் (காயம் ஆற்றும் ஹீலர்) என்று பூட்டியதால்தான் கோட்ஸ் ஒழிந்தது" என்கிறார். பச்சைத் தவறு. மூன்று டேங்க், மூன்று சப்போர்ட் வைத்து ஆடும் அந்த கோட்ஸ் என்ற அணி அமைப்பில் கொடிகட்டிப் பறந்த அணி சான் பிரான்சிஸ்கோ ஷாக். 2019-இல் தொழில்முறை அணிகள் மோதும் ஓவர்வாட்ச் லீக்கில், சீசனின் மூன்றாம் பகுதியான ஸ்டேஜ் 3 இறுதியில் ஷாங்காய் டிராகன்ஸ் மூன்று டேமேஜ் வைத்து அவர்களை 4-3 என்று சாய்த்தது. லீக்கில் பூட்டு வந்தது அதற்கு அடுத்த ஸ்டேஜில்!

கேடயக்காரன்:
ஒரு ஃபைனலை வைத்துக்கொண்டு இவ்வளவு ஆட்டமா? அவர்கள் நாள் முழுக்கப் பயிற்சி எடுக்கிறவர்கள். நம் ரேங்க்டு, அதாவது சாதாரண ஆட்டக்காரர்களின் தரவரிசை ஆட்டம், எப்படி இருந்தது? ஐந்து பேர் டேமேஜ் எடுப்பார்கள். நான் ஒருவன் ரெயின்ஹார்ட் என்ற டேங்க்கை எடுத்துக் கேடயம் பிடிப்பேன், அது நொறுங்கும். கடைசியில் என்னைத் திட்டுகிறவர் பின்னால் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஸ்னைப்பர் விடோமேக்கர். அதற்கு முடிவு கட்டியது ரோல் க்யூ.

வில்லாளன்:
கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். ஷாங்காய் ஜெயித்தபோது பூட்டு இருந்ததா, இல்லையா? முந்தைய சீசனில் 40 ஆட்டமும் தோற்ற அணி அது.

மஞ்சள்கதிர்:
அண்ணா, இரண்டு பேரும் டேங்க் கணக்கிலேயே நிற்கிறீர்கள். நான் மெர்சி என்ற ஹீலரை ஆடுகிறவள். பழைய ஆட்டத்தில் பதக்கம் அவரவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். "எனக்கு டேமேஜில் தங்கம், ஹீலர் என்ன பண்றா?" என்று கத்துவார்கள். 2022-இல் எல்லோர் கணக்கும் தெரிகிற பலகை வந்தது. இப்போது எண்ணைக் காட்டியே திட்டுகிறார்கள். இரண்டு சுவருக்கு அப்பால் நிற்கிற டேமேஜ் ஹீரோ கெஞ்சிக்கு என் ஹீலிங் கதிர் எப்படிப் போகும்? ஹீல் கேட்கிற பொத்தானை மட்டும் விடாமல் அமுக்குகிறார். ரோல் க்யூ இதைத் திருத்தியதா?

வில்லாளன்:
தங்கச்சி சரியாகச் சொன்னார். ஒத்துழைப்பைத் திறனிலேயே வைக்க வேண்டும். ஸார்யா என்ற டேங்க்கைப் பாருங்கள். கூட்டாளிக்குப் பாதுகாப்புக் குமிழி போட்டால், அதில் விழுகிற அடியெல்லாம் அவள் துப்பாக்கிக்கு வலு. அடுத்தவனைக் காப்பாற்றினால் தனக்கே லாபம். இது 2016-இல், ஆட்டம் வெளியான அன்றே இருந்தது. அப்போது எந்தப் பூட்டு இருந்தது? ஷாங்காய்க்கு எந்தப் பூட்டு இருந்தது?

கேடயக்காரன்:
குமிழி போட முதலில் யாராவது ஸார்யாவை எடுக்கணுமே ஐயா! எடுக்க வைத்ததே பூட்டுதான். அப்புறம், தங்கச்சி உங்கள் பக்கம் பேசவில்லை. அவர் திட்டுவது உங்களைப் போன்ற டேமேஜ்காரர்களை.

மஞ்சள்கதிர்:
நான் இரண்டு பேரையும்தான் சொன்னேன்.

பழையசோறு:
டேமேஜுக்கு க்யூ போட்டுவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் ஆட்டம் கிடைக்காத காலத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். டேங்க் ஆட ஆள் இல்லை. 2022-இல் ஓவர்வாட்ச் 2 வந்தபோது அணிக்கு ஐந்தே பேர், ஒரே டேங்க். கேடயக்காரன் கும்பிடுகிற பூட்டு கடைசியில் ஒரு டேங்க்கையே தின்றுவிட்டது.

கேடயக்காரன்:
அது பூட்டின் குற்றம் இல்லை, டேங்க் ஆட மாட்டேன் என்கிற உங்கள் குற்றம்.

வில்லாளன்:
பேச்சை மாற்றாதீர்கள். ஷாங்காய். 4-3. பூட்டுக்கு முன். இதற்குப் பதில் இல்லை உங்களிடம்.

கேடயக்காரன்:
சரி, ஒத்துழைப்பைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? நம் குழுப் போட்டியில், கடைசி மேப்பில் (ஆட்டக் களத்தில்), தள்ளிக்கொண்டு போகிற வண்டி எல்லைக்கோட்டைத் தொட இருக்கும்போது சொல்லாமல் கிளம்பிப் போனவர் நீங்கள். நாங்கள் ஐந்து பேர் நின்று தோற்றோம்.

வில்லாளன்:
கரண்ட் போச்சு என்று அன்றைக்கே சொன்னேன். அதற்கு முந்தைய சுற்றில் என் பேச்சைக் கேட்டு நீங்கள் கேடயத்தைத் திருப்பியிருந்தால் கடைசி மேப்பே வந்திருக்காது.

பழையசோறு:
கரண்ட் போன அன்று ராத்திரி நீங்கள் அதே கேமின் டெத்மேட்ச் ஆட்டத்தில் இருந்ததை நான் பார்த்தேன் நண்பா.

வில்லாளன்:
அது ஒன்பது மணிக்குமேல், கரண்ட் வந்தபிறகு. ஸ்க்ரீன்ஷாட் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள்.