சாட்ஸ்வொர்த் பழைய வீடு: இடித்துக் கட்டுவதா, கூரையை மாற்றிச் சேர்த்துக் கட்டுவதா?

சரிவுமனை (கேள்வி)

வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் 1960களில் மாநகராட்சி கட்டிக்கொடுத்த வீடு. ஒரு பக்கச் சுவர் அண்டை வீட்டுக்கும் பொது. பரப்பு 50 சதுர மீட்டர் இருக்கும். நெளி ஆஸ்பெஸ்டாஸ் கூரை, 150 லிட்டர் மின் கீசர், பின்பக்கம் சரிந்து இறங்கும் மனை. குடும்பத்துக்கு இடம் போதவில்லை. "இடித்துவிட்டு 120 சதுர மீட்டரில் புதிதாகக் கட்டுங்கள், மின்சாரம் மிச்சம், சுற்றுச்சூழலுக்கும் நல்லது" என்கிறார் ஒப்பந்தக்காரர். இது கணக்குப் போட்டால் நிற்குமா? சேர்த்துக் கட்டுவதானால் எதை முதலில் செய்வது?

கலவைக்காரன்

முதலில் பொதுச்சுவர். அதை நீங்கள் தனியாக இடிக்க முடியாது. அண்டை வீட்டுக் கூரையும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே "முழுசா இடிப்பது" என்ற பேச்சே பாதிதான் உண்மை.

இனி கணக்கு. 120 சதுர மீட்டர், மாடியில்லாத வீட்டின் அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் மட்டுமே ஏறக்குறைய 20 கன மீட்டர் கான்கிரீட் போகும். கன மீட்டருக்கு 300 கிலோ சிமென்ட் என்று வைத்தால் 6 டன், அதாவது 50 கிலோ மூட்டை 120. கலப்பில்லாத சிமென்டுக்குக் கிலோவுக்கு 0.9 கிலோ கரியமில வாயு என்று பிடித்தால் 5.4 டன். இதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் சூளையில் சிதையும்போதே வெளியேறுகிறது. சூளைக்கு எந்த எரிபொருள் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. இதற்குமேல் செங்கல் இருக்கிறது. வெளிச்சுவர் இரட்டை வரிசை என்றால் சதுர மீட்டருக்கு நூற்றுக்கும் மேல். நம் நாட்டுச் சூளைகளில் களிமண்ணோடு நிலக்கரித் தூளையே பிசைந்து சுடுகிறார்கள்.

நிற்கிற சுவருக்கும் அஸ்திவாரத்துக்குமான கரியமில வாயு ஏற்கெனவே வெளியேறிவிட்டது. விரிசல் விடாமல் இருந்தால் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் பகுதிக்கு நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்ட் வாங்கலாம். ஆனால் மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே சாம்பல் கலந்த மூட்டையில் தளத்திலும் சாம்பல் சேர்த்தால் வலு வராது. சாம்பல் கலவை மெதுவாகத்தான் இறுகும். 7 நாளோடு நிறுத்தாமல் 10 நாளாவது ஈரம் காத்து வையுங்கள். கான்கிரீட்டைத் தாங்கும் பலகையையும் தாமதமாகப் பிரித்தெடுங்கள். அவசரப்படுகிற மேஸ்திரியிடம்தான் இது கெடுகிறது.

வெந்நீர்க்கணக்கு

மேலே சொன்னது சரி, ஆனால் அந்த 5.4 டன்னைப் பார்த்துப் பயந்து கீசரை மறந்துவிடாதீர்கள். 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 7 யூனிட் வேண்டும். தினம் ஒரு தொட்டி செலவானால் ஆண்டுக்கு 2,500 யூனிட்டுக்கு மேல். நம் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவதால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு. இரண்டு ஆண்டில் கீசர் மட்டுமே அந்த அஸ்திவாரத்தை எட்டிப் பிடித்துவிடும்! வீடு எப்படிக் கட்டினோம் என்பதைவிட அதில் எப்படி வாழ்கிறோம் என்பது இங்கே அதிகம் எடை போடுகிறது.

2011இல் வந்த சான்ஸ் 10400-எக்ஸ்ஏ என்ற கட்டட மின்சிக்கன விதியும் இதைத்தான் பிடிக்கிறது: ஆண்டு வெந்நீர்த் தேவையில் பாதியாவது நேரடி மின்கம்பிச் சூடு அல்லாத வழியில் வரவேண்டும். சேர்த்துக் கட்டும் வரைபடத்திலும் கேட்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு ஹீட் பம்ப்தான் (காற்றிலுள்ள சூட்டை இழுத்து நீருக்கு ஏற்றும் கருவி) என் தேர்வு. அதே 7 யூனிட் வேலையை 2 முதல் 2.5 யூனிட்டில் முடிக்கும், தரையில் வைக்கலாம். கூரைமேல் சூரிய கீசர் என்றால் 150 லிட்டர் தொட்டி நீரோடு 200 கிலோ தாண்டும். பழைய கூரைக் கட்டைகள் அதற்காகப் போட்டவை அல்ல. வெப்பநிலையை 60 டிகிரிக்குக் கீழே நிரந்தரமாக இறக்காதீர்கள், லெஜியனெல்லா கிருமி வளரும். கீசரைவிட்டு வெளியே வரும் குழாயின் முதல் மீட்டர்களுக்கு உறை போடுங்கள். மிகச் சின்னச் செலவு.

ஓட்டுக்கூரை

இருவரும் கூரையைத் தொடவில்லையே. அதுதான் முதல் வேலை. ஆஸ்பெஸ்டாஸில் துளை போடக்கூடாது, மூச்சில் போனால் கெடுதலான இழை பறக்கும்; ஆகவே சூரியத் தகடு பொருத்த முடியாது. அரிக்கத் தொடங்கிய கூரையிலிருந்து குடிக்க மழைநீரும் பிடிக்க முடியாது.

தென்னாப்பிரிக்கா ஆஸ்பெஸ்டாஸை 2008இல் தடை செய்தது. ஏற்கெனவே போட்டிருப்பதை அகற்றுவதற்கு 2020 விதிகள் இருக்கின்றன. பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரை மட்டுமே கூப்பிடுங்கள். வேலைத் திட்டம் எழுத்தில் வேண்டும். தகடுகளை நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, அபாயக் கழிவு ஏற்கும் கிடங்குக்குக் கொண்டுபோவார்கள். கிடங்கு தரும் சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். புதிய வண்ணம் பூசுவதற்கு முன் அதிவேகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள்; இழை முற்றத்திலும் அண்டை வீட்டுத் துணியிலும் படிகிறது. தயவுசெய்து அதை யாரும் அனுமதிக்க வேண்டாம். இடிபாட்டை உடைத்துப் பாதைக்கு நிரப்பப் போகிறீர்கள் என்றாலும் அதில் ஒரு துண்டு ஆஸ்பெஸ்டாஸ்கூட இருக்கக்கூடாது.

பதிலுக்கு என்ன போடுவது? கான்கிரீட் ஓடு சதுர மீட்டருக்கு 50 கிலோ அளவில் வரும், பழைய கட்டை தாங்காது. 0.5 மில்லிமீட்டர் எஃகுத் தகடு 5 கிலோதான். இங்கே பலர் தவறவிடுவது: பழைய கூரையைவிட இது லேசானது என்பதால் காற்று தூக்கும். ஒவ்வொரு கட்டையையும் சுவருக்குள் இறங்கும் இரும்புப் பட்டையால் கட்டவேண்டும். வெளிர் நிறம் எடுங்கள். கீழே பளபளப்புத் தாள், அதற்கும் தகட்டுக்கும் 25 மில்லிமீட்டர் காற்றிடைவெளி, கூரைச்சீலிங் மேல் 100 மில்லிமீட்டராவது கண்ணாடிப் பஞ்சு. சீலிங் விளக்குக்காகப் பஞ்சை வெட்டி வெட்டி ஓட்டை போட்டால் போட்ட பணம் பாதி வீண்.

புதிய அறையின் பெரிய ஜன்னலை வடக்கே வையுங்கள். இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். டர்பனில் ஜூனில் 37 டிகிரி உயரம், டிசம்பரில் 83. 600 மில்லிமீட்டர் இறவாரம் விட்டு, ஜன்னல் மேல்விளிம்பை அதற்கு 450 மில்லிமீட்டர் கீழே வைத்தால், குளிர்கால நண்பகல் வெயில் முழுதாக உள்ளே வரும், கோடையில் ஒரு துளியும் வராது. மேற்கு ஜன்னலுக்கு இறவாரம் உதவாது, சிறிதாக்குங்கள்.

சரிவுமனை

நன்றி. ஓட்டுக்கூரை அண்ணா, புதிய அறையைப் பழைய சுவரோடு அப்படியே பிணைக்கலாமா? 5,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி வைத்தால் சரிவில் நிற்குமா?

கலவைக்காரன்

பிணைக்காதீர்கள். இரண்டு அஸ்திவாரமும் ஒரே வேகத்தில் இறங்காது, களிமண் நிலம் என்றால் சொல்லவே வேண்டாம். இடையில் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மெத்தென்ற பொருளால் அடைத்து, வெளியே சீலன்ட் போடுங்கள். அந்த இடைவெளிக்கு மேலே கூரைத் தகடும் தனியாக நகரும்படி மடிப்புத் தகடு வேண்டும்.

தொட்டி நிறைந்தால் 5 டன். சரிவை வெட்டிச் சமன்செய்த இயற்கையான நிலத்தில் நிற்கட்டும், கொட்டி நிரப்பிய மண்ணில் வேண்டவே வேண்டாம். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் விழும், சிதறல் போக 2,000 லிட்டராவது கிடைக்கும்; தொட்டி வழியத்தான் போகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சரிவுகள் எப்படிப் பெயர்ந்தன என்று பார்த்தோம். வழியும் குழாயைச் சரிவின் உச்சியிலேயே விட்டுவிடாமல், 110 மில்லிமீட்டர் குழாயில் அடிவரை இறக்கி, கற்குவியலில் வேகம் தணித்து, பொது வடிகாலில் சேருங்கள். பக்கத்து மனைக்குள் போகக்கூடாது. மாநகராட்சிக் குடிநீர்க் குழாயோடு தொட்டிக் குழாயை எந்த இடத்திலும் இணைக்கவும் கூடாது.